சத்தமில்லாத டேப்பட்

பெரிய மாமா ஓட்டிய புல்லட் என் கைக்கு வந்தபோது அதற்கு என்னைவிட வயது அதிகம். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்ப் மீட்டர், நிறுத்தின இடத்தில் எப்போதும் ஒரு சொட்டு எண்ணெய். எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. இன்ஜினின் தலைப்பக்கம் தையல் மிஷின் ஓடுவதுபோல 'டிக் டிக்' என்று விடாமல் ஒரு சத்தம்.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். சத்தத்தைச் சொன்னேன். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி, இரண்டு மூன்று ஸ்பேனர்களை நுழைத்து எதையோ முறுக்கினார். பத்து நிமிடம். சத்தம் நின்றுவிட்டது. 'பாருங்க, பட்டு மாதிரி ஓடுது' என்றார். எனக்கும் மகிழ்ச்சி.

மறுநாள் காலையில் கிக்கரை மிதித்தால் கால் தடையே இல்லாமல் கீழே போனது. வழக்கமாகப் பாதியில் காலை எதிர்த்துத் தள்ளும் அந்தக் கனம் இல்லை. இருபது முப்பது மிதிக்குப் பிறகு எப்படியோ உயிர் வந்தது. சூடானதும் நன்றாகவே ஓடியது. அதனால் நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நான் சொல்வது ராயல் என்ஃபீல்டின் பழைய இரும்பு பிளாக் (சிலிண்டர்) புல்லட் 350-ஐ வைத்துத்தான். இங்கிலாந்தில் ரெடிச்சில் பிறந்த வடிவமைப்பு. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்ட பிறகு திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல், அடிப்படை மாறாமல், செய்யப்பட்டது. போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 70 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ.; 346 சிசி. வால்வு கோளாறைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இன்ஜின் கிடைக்காது. எல்லாம் பெரிது பெரிதாக, கைக்கு எட்டும்படி, ஒவ்வொன்றும் தனி மூடிக்குள் இருக்கிறது. புஷ்ராட் என்ற தள்ளு தண்டு வைத்த மற்றப் பழைய வண்டிகளுக்கும் இதே கணக்குதான். அளவுகள் மட்டும் மாறும்.

ஒரு வால்வு திறக்க எத்தனை பேர்

பிஸ்டனுக்கு மேலே இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வர. இன்னொன்று எரிந்த புகை வெளியே போக. முதலாவது இன்லெட், அடுத்தது எக்ஸாஸ்ட். வால்வு என்பது தலைகீழாக நிற்கும் ஒரு காளான். அதன் குடை, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டில் உள்ள சீட் என்ற வளையத்தில் வந்து உட்கார்ந்து ஓட்டையை அடைக்கிறது. காம்பு மேலே கைடு என்ற குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. அதை எப்போதும் மூடியே வைத்திருப்பது ஸ்பிரிங்கின் வேலை. புல்லட்டில் வால்வுக்கு இரண்டு ஸ்பிரிங், ஒன்றுக்குள் ஒன்று.

மூடியதைத் திறக்க வேண்டுமே. அந்த வேலை கீழேயிருந்து தொடங்குகிறது. வலது பக்க டைமிங் கவருக்குள் இரண்டு கேம்கள் இருக்கின்றன. கேம் என்றால் ஒரு பக்கம் மூக்கு வைத்த வட்டு. பிஸ்டன் சுழற்றும் அச்சான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்த மூக்கு வரும்போது மேலே நிற்கும் டேப்பட் என்ற குட்டித் தண்டைத் தூக்குகிறது. டேப்பட் புஷ்ராடைத் தூக்குகிறது. புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை இறங்கி வால்வின் காம்பை அழுத்துகிறது. கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு ராக்கரைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வேண்டாம். ஒரு முனை எழுந்தால் மறுமுனை தாழும், நடுவில் அச்சு, அவ்வளவுதான்.

ஆக கேம், டேப்பட், புஷ்ராட், ராக்கர், வால்வு, ஸ்பிரிங். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் (ஆர்பிஎம்) ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 முறை திறந்து மூடும். நொடிக்கு 25 முறை. இரும்போடு இரும்பு இத்தனை முறை மோதிக்கொண்டும் உரசிக்கொண்டும் இருக்கிற இடத்தில் தேய்மானம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தக் கோர்வையில் ஓரிடத்தில் மிகச் சின்ன இடைவெளி இருக்க வேண்டும். வால்வு மூடியிருக்கும்போது அதை யாரும் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. இட்லிப் பானை மூடிக்கடியில் ஒரு கரண்டிக் காம்பு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மூடி மூடினது போலத்தான் இருக்கும், ஆவி மட்டும் அந்தப் பக்கமாகப் பீறிக்கொண்டு போகும். வால்விலும் அதுதான். ஆனால் போவது ஆவி இல்லை, நெருப்பு.

இதில்தான் எக்ஸாஸ்ட் வால்வின் உயிரே இருக்கிறது. எரியும் புகை அதைச் சுற்றித்தான் வெளியேறுகிறது. அது வாங்கும் சூட்டின் பெரும்பகுதி, சீட்டில் உட்காரும் அந்த நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. சரியாக உட்கார முடியாத வால்வு சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் விளிம்பிலிருந்து கருகத் தொடங்கும். முதலில் ஒரு மயிரிழை. அந்த இழை வழியாக நெருப்பு பாயும். பாயப் பாய இழை பள்ளமாகும்.

இதனால்தான் டேப்பட் சத்தம் கேட்டதும் பதறுகிறவர்களைவிட, சத்தமே இல்லை என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்துத்தான் நான் இப்போது பயப்படுகிறேன். சத்தம் போடும் டேப்பட்டில் குறைந்தபட்சம் இடைவெளி இருக்கிறது. அதாவது வால்வு மூடுகிறது. சத்தமில்லாத டேப்பட் ஒன்று மிகச் சரியாக இருக்கிறது, இல்லையென்றால் வால்வை எரித்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுதான். (2009-க்குப் பிறகு வந்த யூசிஇ (UCE) இன்ஜின் புல்லட்டுகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் ஹைட்ராலிக் டேப்பட். இடைவெளியை எண்ணெய் அழுத்தமே பார்த்துக்கொள்கிறது.)

கூடுகிறதா, குறைகிறதா

வால்வு கோளாறைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து மிக மலிவான கருவி ஒரு நோட்டுப் புத்தகம். டேப்பட்டைச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், இடைவெளி கூடியிருந்ததா குறைந்திருந்ததா என்று எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

டேப்பட்டின் பாதம் தேய்ந்தாலும், புஷ்ராட் முனை தேய்ந்தாலும், ராக்கரின் நுனியில் குழி விழுந்தாலும், கோர்வை மொத்தத்தில் குட்டையாகிறது. இடைவெளி கூடும். சத்தம் வரும். மாறாக, வால்வின் விளிம்போ சீட்டோ தேய்ந்தால் வால்வு முன்பைவிட ஆழமாக மேலே போய் உட்காரும். அதன் காம்பு ராக்கரை நெருங்கும். இடைவெளி குறையும். சத்தம் அடங்கும்.

டேப்பட்டை ஒருமுறை வைத்தால் சில ஆயிரம் கிலோமீட்டர் அசையாமல் இருப்பதுதான் ஆரோக்கியம். சின்ன நகர்வு எதற்கும் இருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் தளர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது என்றால் வால்வோ சீட்டோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் வாராவாரம் முறுக்க வேண்டியிருந்தால் டேப்பட்டின் பாதம் தேய்கிறது. அதன் மேல்தோல்தான் கடினமாகப் பதப்படுத்தியது. அது உரிந்துவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு, வேகமாகத் தேயும். அந்த நிலையில் முறுக்கிக்கொண்டே இருப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

காதால் பார்ப்பது

வண்டியை ஸ்டாண்டில் போட்டு மெதுவாக ஓடவிடுங்கள். சைலன்சரில் 'டப்... டப்...' என்று விழுகிறது அல்லவா, அது கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஆகவே ஒரு 'டப்'புக்கு ஒரு 'டிக்' என்றால் ஒரு வால்வின் பக்கம் தளர்ந்திருக்கிறது. இரண்டும் தளர்ந்திருந்தால் இரண்டு 'டிக்' வரும், ஆனால் சம இடைவெளியில் வராது. கிராங்க் பக்கத்துத் தட்டலோ கனமாக, அடிவயிற்றிலிருந்து, மேட்டில் ஏறும்போது இன்னும் பலமாகக் கேட்கும். டேப்பட் சத்தம் மேடு பள்ளம் பார்க்காது. ஆக்சிலேட்டரோடு வேகம் கூடும், அவ்வளவுதான்.

ஒரு நீளமான திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக்கொள்ளுங்கள். டாக்டர் குழல்தான் இது. மேலே இரண்டு ராக்கர் மூடிகள், வலப்பக்கம் டேப்பட் மூடி, அதற்குக் கீழே டைமிங் கவர் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். சத்தம் எங்கே கூர்மையோ அங்கே ஆள் இருக்கிறார். இரும்பு சத்தத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இது துல்லியமில்லை. ஆனாலும் மேலேயா கீழேயா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

காலையில் முதல் இரண்டு நிமிடம் 'கடகட' என்று கேட்டுச் சூடானதும் குறைகிற சத்தம் பெரும்பாலும் பிஸ்டன் போரில் தட்டுவது. சூடேற ஏற விரிந்து இடம் நிரம்பிவிடும். டேப்பட் சத்தம் அதற்கு நேர்மாறு. புல்லட்டில் சூடேறும்போது பிளாக்கும் ஹெட்டும் உயர்ந்து இடைவெளி கொஞ்சம் கூடுகிறது. அதனால் சூட்டில் மெல்லிய 'டிக் டிக்' கேட்பது இந்த இன்ஜினின் குணம், நோய் இல்லை. என் மாமா வண்டி அன்றைக்கு ஆரோக்கியமாகத்தான் இருந்திருக்கிறது!

திறப்பதற்கு முன்னால்

பழைய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ஹெட்டை இறக்கச் சொல்கிற அவசரம் பலருக்கு உண்டு. பிளக்கில் நெருப்பு வருகிறதா, பிளக்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் சுத்தமா, கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கு விளக்கம் தேவையில்லை.

புல்லட்டுக்கென்று ஒரு தனிப் பொறி இருக்கிறது: டிகம்பிரஷர். கிக்கர் மிதிக்கும் முன் அழுத்தத்தை இறக்கிவிட ஹெட்டில் ஒரு குட்டி வால்வு, அதற்கு ஹேண்டில்பாரில் ஒரு லீவர். இதன் கேபிள் இறுக்கமாகிவிட்டாலோ, குட்டி வால்வின் அடியில் கரி சேர்ந்துவிட்டாலோ கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், அந்த வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். அது கசிவது எக்ஸாஸ்ட் பாதைக்குள். அதனால் கேட்பதற்கும் உணர்வதற்கும் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோனது போலவே இருக்கும். ஹெட்டை இறக்கி, வால்வைத் தேய்த்து, திரும்ப ஏற்றின பிறகும் வண்டி அப்படியே இருந்து, கடைசியில் கேபிளைத் தளர்த்தியதும் சரியான கதைகள் உண்டு. முதல் வேலையாக அந்தக் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கிக்கர் சோதனை. சாவி அணைந்திருக்கட்டும். மெதுவாக மிதித்து, காலை எதிர்க்கும் இடம் வந்ததும் உடம்பின் எடையைக் கிக்கர்மேல் போட்டு நில்லுங்கள். நல்ல இன்ஜின் உங்களைச் சில நொடிகள் தாங்கி, மெல்ல இறக்கிவிடும். கெட்டது உடனே தொபுக்கென்று இறங்கும். இறங்கும்போது 'ஸ்ஸ்' என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிய கார்புரேட்டர் வாயிலா? அப்படியென்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் நுனியிலா? எக்ஸாஸ்ட் வால்வு, அல்லது அந்த டிகம்பிரஷர். கிராங்க் அறையின் காற்றுக் குழாயிலா? பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகப் போகிறது. இதற்கு இரண்டு பேர் வேண்டும்: மிதிக்க ஒருவர், காது கொடுக்க ஒருவர்.

கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் அதையும் போடலாம். ஆனால் இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் வெறும் 6.5:1. இன்றைய வண்டிகளின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயந்துவிடக் கூடாது. எண்ணைவிட முக்கியம் அடுத்த படி: பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, சில முறை மிதித்து, மறுபடி பாருங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அளவு நன்றாக ஏறினால் குற்றவாளி ரிங், போர். ஏறவே இல்லையென்றால் வால்வு. ஆயில் வால்வு வரை ஏறி எதையும் அடைக்க முடியாது.

ஓட்டும்போதும் குறிப்பு கிடைக்கும். இன்லெட் வால்வு மூடாவிட்டால் கார்புரேட்டர் வழியாகத் திரும்பத் துப்பும். எக்ஸாஸ்ட் வால்வு மூடாவிட்டால் ஆளின் எடை கூடினதுபோல் மேட்டில் இழுவை குறையும், சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும். (வெடிப்பதற்கு சைலன்சர் இணைப்பில் காற்று புகுவது, கலவையில் பெட்ரோல் குறைவது போன்ற சாதாரணக் காரணங்களும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.) மெதுவாக நன்றாக ஓடி, வேகம் ஏறியதும் தடுமாறினால், இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்திருக்கலாம். மீதி ஒன்று குறைந்த வேகத்தில் சமாளிக்கும். வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூட அதற்குத் தெம்பு போதாது.

மூடியைத் திறந்தால்

இனி டேப்பட் மூடி. வலது பக்கம், பிளாக்கின் அடியில், நடுவில் ஒரே நட்டு. இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் பாதம் தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்குங்கள். விரலைக் காற்று தள்ளும்போது பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வருகிறது. அது உச்சிக்கு வந்ததும் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

இப்போது புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இங்கே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு வைத்து இத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். இரும்பு புல்லட்டில் அது கிடையாது. புஷ்ராட் விரலுக்குத் தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில்தான் சரியான இடம். கேட்க எளிது. கைக்குப் பழக நாலைந்து முறை ஆகும். சந்தேகம் வந்தால் தளர்வின் பக்கமே சாயுங்கள்.

புஷ்ராட் திரும்பவே இல்லையென்றால் வால்வு முழுதாக மூடவில்லை. அதைத் தளர்த்தி, மறுபடி கிக்கரில் நின்று பாருங்கள். கம்ப்ரஷன் திரும்பி வந்தால் தப்பித்தீர்கள். வராவிட்டால் வால்வு ஏற்கெனவே எரிந்திருக்கிறது.

சரிசெய்ய அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று இடங்களில் ஸ்பேனர் பிடிக்கும்: மேலே திருகும் தலை, நடுவில் பூட்டு நட்டு, கீழே டேப்பட்டின் உடம்பு. கீழே உள்ளதைப் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ளதைத் தளர்த்தி மேலே உள்ளதைத் திருக வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது அமைப்பு கொஞ்சம் நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பார்ப்பது கட்டாயம். மூன்று ஸ்பேனர், இரண்டு கை, அந்தச் சந்து. முதல் முறை செய்யும்போது கெட்ட வார்த்தை வருவது இயல்பு.

அதே திறப்பில் இன்னும் சில விஷயங்கள் தெரியும். புஷ்ராடைச் சுழற்றும்போது ஓரிடத்தில் லேசாகவும் இன்னோரிடத்தில் இறுக்கமாகவும் இருந்தால் அது வளைந்திருக்கலாம். வெளியே எடுத்துக் கண்ணாடிமேல் உருட்டினால் தெரிந்துவிடும். அலுமினியத் தண்டின் முனையில் பொருத்திய எஃகுத் தொப்பி ஆடுகிறதா என்றும் பாருங்கள். பழைய புஷ்ராடில் அது கழன்றுகொண்டு புதிராக ஒரு சத்தம் கொடுக்கும். இடைவெளி நேற்றுச் சரி, இன்று தப்பு, நாளை சரி என்று விளையாட்டுக் காட்டினால் முதலில் இதைச் சந்தேகிப்பேன்.

பிறகு கிக்கரை மெதுவாக இறக்கி ஒவ்வொரு புஷ்ராடும் எவ்வளவு எழுகிறது என்று பாருங்கள். ஸ்கேல் போதும். ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைவாக எழுந்தால் அந்தப் பக்கக் கேமோ டேப்பட் பாதமோ தேய்ந்திருக்கிறது. ஆயில் ஃபில்டரைத் திறந்து அதன் மடிப்புகளில் காந்தத்தை ஓட்டுங்கள். மினுமினுக்கும் தூள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு எங்கோ உதிர்கிறது. இனி டைமிங் கவரைத் திறந்தே ஆக வேண்டும். அது தொடக்கநிலை வேலை இல்லை. கேம் பற்சக்கரங்களில் உள்ள அடையாளங்களை நேராக வைக்காமல் பூட்டினால் வால்வு திறக்கும் நேரமே மாறிப்போகும்.

மேலே ராக்கர் மூடிகளைக் கழற்றுவதில் ஆபத்து எதுவும் இல்லை. ஸ்பிரிங் உடைந்திருந்தால் அங்கேயே தெரியும். ராக்கர் நுனி வால்வுக் காம்பைத் தொடும் இடத்தில் குழி இருக்கிறதா, அச்சில் மேலும் கீழும் ஆடுகிறதா என்று கையால் பாருங்கள். அச்சைத் தாங்கும் கட்டைகள் இரண்டு பாதியாக, ஜோடியாகத் துளையிடப்பட்டவை. கழற்றினால் ஜோடி மாறாமல், திசை மாறாமல் திரும்ப வைக்க வேண்டும். அங்கே எல்லாம் காய்ந்து நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் ஏறவில்லை. வெளியே ஓடும் அந்த மெல்லிய எண்ணெய்க் குழாயின் மேல் போல்ட்டை, இன்ஜின் ஓடும்போது ஓர் அரைச் சுற்று தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் புது ராக்கர் வாங்கிப் போட்டும் பயனில்லை.

புகையும் நீண்ட தூக்கமும்

கைடு தேய்ந்தால் சத்தத்தைவிட முதலில் புகைதான் பேசும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு வந்து, கீழே திரும்ப முறுக்கும்போது நீலப் புகை குபுக்கென்று வந்தால் இன்லெட் கைடு வழியாக எண்ணெய் உறிஞ்சப்பட்டிருக்கிறது. ஆனால் வாரக் கணக்கில் நின்ற புல்லட் முதல் ஸ்டார்ட்டில் புகைமண்டலம் கிளப்பினால் உடனே கைடைக் குறை சொல்லாதீர்கள். எண்ணெய் டேங்கில் இருக்க வேண்டிய எண்ணெய் மெல்ல இறங்கி கிராங்க் அறையில் தேங்கியிருக்கும். சில நிமிடம் ஓடினால் பம்ப் அதைத் திரும்ப இழுத்துவிடும், புகை நிற்கும். நிற்காத புகைதான் கவலை.

பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் எடுத்ததும் ஓங்கி மிதிக்கவே கூடாது. வால்வுக் காம்பு கைடில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். மிதித்தால் கேம் விடாது, வால்வு நகராது. நடுவில் அகப்பட்ட புஷ்ராட் வளையும். டேப்பட் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வால்வுக் காம்புகளில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, கையால் கிக்கரை இறக்கிக்கொண்டே புஷ்ராடுகளைக் கவனியுங்கள். இரண்டும் ஏறி இறங்க வேண்டும். டேப்பட் இறங்கிய பிறகும் ஒன்று மட்டும் தொளதொளவென்று நின்றால் அந்த வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் பார்த்து, குற்றம் வால்விலும் சீட்டிலும்தான் என்று உறுதியானால்தான் ஹெட் இறங்க வேண்டும். இறக்கியதும் கழுவுவதற்கு முன்னால் ஒரு சோதனை: இன்லெட், எக்ஸாஸ்ட் பாதை ஒவ்வொன்றின் வாயும் மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். வால்வின் விளிம்பில் ஈரம் கசிந்தால் கசிவு அங்கேதான். லேசானதென்றால் பேஸ்ட் வைத்து வால்வைச் சீட்டோடு தேய்க்கும் லேப்பிங் செய்தால் போதும். விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். விளிம்பில் வெட்டு விழுந்திருந்தால் எத்தனை நாள் தேய்த்தாலும் போகாது. புது வால்வு, சீட்டுக்கு லேத் வேலை.

என் வண்டியின் எக்ஸாஸ்ட் வால்வில் இருந்தது வெட்டு. எலி கடித்த முறுக்கு மாதிரி, விளிம்பில் ஓரிடத்தில் சின்ன அரைவட்டம். சூட்டில் இடைவெளி இல்லாமல் முறுக்கிவைத்த டேப்பட், ஆறியதும் வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தினமும் காலையில் இன்ஜின் சூடாகும்வரை அந்த இடுக்கு வழியாக நெருப்பு போயிருக்கிறது. முதல் நாளே மூடியைத் திறந்து புஷ்ராடைச் சுழற்றிப் பார்த்திருந்தால் அரைச் சுற்றில் முடிந்திருக்கும் வேலை, வால்வு, சீட், கேஸ்கெட், லேத் கூலி என்று நீண்டது. அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. சத்தம் வேண்டாம் என்று கேட்டது நான்தானே.

ஹெட் ஏறிய மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில், நானே டேப்பட் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு ஸ்டார்ட்டுக்கு இரண்டு மிதி. பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் மேலேயிருந்து மெல்ல 'டிக் டிக்' கேட்டது. நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போனேன்.